எண்களுக்குள் என் ஒழுங்கை எங்கே?

2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். ஓராண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், 1.3 வீதம். இரண்டையும் இணைத்துக் கோடு இழுத்தால் அது செங்குத்தாக இறங்கும். அந்தக் கோட்டைத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் பார்த்துவிட்டு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனவர்கள், மரக்கறிப் பையோடு காலி வீதிக்கு ஏறும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "குறைஞ்சிட்டுது எண்டு சொல்றாங்கள், எங்க குறைஞ்சது?"

கேட்டவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். வட்டி, சீட்டு, வாடகை, நகைக்கடை விலை எல்லாவற்றையும் மனக்கணக்கில் போட்டு வாழ்கிற ஊர் இது. அவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இல்லை என்பதே விசயம்.

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் அடங்கினால் விலை இறங்கியதாக ஆகாது, ஏறிய இடத்திலேயே நிற்கும். அதே தரவைக் கொண்டு இன்னொரு கோடும் வரையலாம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கள் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாய். 2023 இல் 172. பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே, மறை 0.5 வீதத்துக்குப் போன 2024 செப்டெம்பரிலும் 171. இந்தக் கோடு விறுவிறுவென ஏறி, ஏறிய மேட்டிலேயே தட்டையாக நிற்கிறது. சந்தையில் மக்கள் கண்டது இந்த மேட்டைத்தான்.

இரண்டு கோடுகளும் உண்மை, இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. ஆனால் முதற்கோடு மத்திய வங்கியின் கேள்விக்கு விடை சொல்கிறது: எங்கள் நடவடிக்கை பலித்ததா? இரண்டாவது கோடு வீட்டுக்காரியின் கேள்விக்கு விடை சொல்கிறது: என் சம்பளம் எத்தனை நாளைக்குக் காணும்? நாட்டில் முதற்கோடு ஆயிரம் தடவை வரையப்பட்டது. இரண்டாவதை வரைந்தவர்கள் மிகச் சிலர். தரவைப் படமாக்குவது என்றால் அழகான நிறங்களும் அசையும் சலாகைகளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யாருடைய கேள்விக்கு இந்தப் படம் என்று தீர்மானிப்பதுதான் அதன் முதல் வேலை, கடினமான வேலையும் அதுதான்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்காகத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் விலை குறித்துக்கொள்ளும் சந்தைகளில் வெள்ளவத்தையும் ஒன்று, கிராண்ட்பாஸும் ஒன்று. நம்முடைய பருப்பும் தேங்காயும் மீனும்தான் அந்த எண்ணுக்குள் போகின்றன. இங்கிருந்து விலையாகப் போனது வீதமாகத் திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. அதே 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம். கையில் உள்ளதில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக் குடும்பத்துக்கு 69.8 என்ற சராசரி எந்த நாளும் பொருந்தியிருக்காது. அட்வொகாட்டா நிறுவனம் ஒரு குடும்பத்தின் சோறு கறிக்கு வேண்டிய பொருட்களின் விலையைச் சேர்த்து ஒரு சுட்டியாகப் பின்தொடர்ந்ததை நான் மதிக்கக் காரணம் இதுதான். பானையில் இருந்து தொடங்கிய கணக்கு அது.

அடியும் மீற்றரும்

விலையை விடுவோம், உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத கிராண்ட்பாஸ் பக்கம், களனி கங்கைக் கரையில், நாகலகம் வீதி நீரளவுமானி இருக்கிறது. கொழும்பின் வெள்ள வரலாறு முழுவதும் அந்த இடத்து அளவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1947 ஓகஸ்ட்டில் அங்கே நீர் 12 அடிக்கு மேல் நின்றது. 1989 ஜூனில் 9 அடிக்கு மேல். 2016 மே மாதத்தில் 7 அடிக்கு மேல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழை நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, பெருவெள்ள எல்லையான 7 அடியை ஆறு மறுபடியும் தாண்டியது.

அந்த நாட்களில் எல்லோருடைய கைபேசிக்கும் ஓர் அட்டவணை வந்துகொண்டே இருந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அறிக்கை. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதைப் பகிரும். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி மங்கிப்போய் வரும். அந்த அட்டவணையை உண்மையில் வாசிக்க முடிந்தவர்கள் எத்தனை பேர்?

களனி கங்கைக்குரிய வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாகலகம் வீதி, ஹன்வெல்ல, கிளென்கோர்ஸ், கித்துல்கல, பிறகு கிளையாறுகளில் ஹொலம்புவ, தெரணியகல, நோர்வூட். ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம் என மூன்று எல்லைகள். நாகலகம் வீதிக்கு அவை 4, 5, 7. ஹன்வெல்லவுக்கு 7, 8, 10. கிளென்கோர்ஸுக்கு 15, 16.5, 19. கித்துல்கலைக்கு 3, 4, 6. முதலாவது அடிக்கணக்கு, மற்றவை மீற்றர். ஒரே அட்டவணைக்குள் இரண்டு அளவு முறைகள், ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு எல்லைகள். கிளென்கோர்ஸில் 14 என்று பார்த்துத் திடுக்கிட்டவருக்கு அது எச்சரிக்கை மட்டத்தையே தொடவில்லை என்பது தெரியாது. நாகலகம் வீதியில் 7 என்று பார்த்து ஆறுதல் அடைந்தவரின் வாசலுக்குப் பெருவெள்ளம் வந்துகொண்டிருக்கும்.

அட்டவணையைக் குறை சொல்லவில்லை. அது பொறியியலாளருக்காகச் செய்யப்பட்டது, அவர்களுக்குப் போதுமானது. ஆனால் பேரிடர் நாளில் அதன் வாசகர் மாறிவிடுகிறார். மாறிய வாசகருக்கு வேறு படம் வேண்டும், அது ஒன்றும் பெரிய வித்தையும் அல்ல. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிமிர்ந்த சலாகை. மூன்று எல்லைகளும் எல்லாச் சலாகைகளிலும் ஒரே உயரத்தில் வருமாறு அளவைச் சரிசெய்துகொண்டால், அடியா மீற்றரா என்ற கேள்வியே எழாது. நீர் இப்போது எந்தக் கோட்டுக்கும் எந்தக் கோட்டுக்கும் இடையில் நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். சலாகைகளை ஆறு ஓடும் ஒழுங்கிலேயே, நோர்வூட்டில் தொடங்கி நாகலகம் வீதியில் முடியுமாறு, இடமிருந்து வலமாக அடுக்கவேண்டும். அறிக்கையில் கொழும்பு மேலே, மலை கீழே. கண் இறங்க இறங்க ஆறு ஏறுகிறது. வாசிப்பவருக்கு இது சின்னத் தடங்கல் அல்ல.

அதற்குக் கீழே இன்னொரு கோட்டு வரைபு. கிடை அச்சில் மணித்தியாலம். கிளென்கோர்ஸ், ஹன்வெல்ல, நாகலகம் வீதி மூன்றுக்கும் மூன்று கோடுகள். மேலே உள்ள நிலையத்தில் நீர் உச்சத்தைத் தொட்டுப் பல மணித்தியாலங்கள் கழித்துத்தான் கீழே உச்சம் வரும். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கிறவர், தன் வீட்டுச் சாமான்களைக் கட்டிலுக்கு மேல் ஏற்றவும் அம்மாவை உயரமான இடத்து உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போகவும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முடிவெடுப்பார். மழை கொழும்பில் விட்டுவிட்டது, வெயிலும் அடிக்கிறது, இனிப் பயமில்லை என்று வீடு திரும்புகிறவரைத் தடுத்து நிறுத்தவும் இந்த வரைபால் முடியும். அட்டவணையில் அந்த நேரம் மறைந்துகிடக்கிறது, இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம். அதே சலாகையில் 1947, 1989, 2016 என்று பழைய வெள்ளங்களின் உயரங்களைச் சிறு கோடுகளாகக் குறித்துவிட்டால் போதும். கிராண்ட்பாஸிலும் மட்டக்குளியிலும் உள்ள முதியவர்களுக்கு 9 அடி என்பது வெறும் எண். '89 இல் வந்த அளவு' என்பது, எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்ற நினைவு.

2025 இல் தமிழ்மொழி எச்சரிக்கைகள் பிந்தி வந்தன, சில வேளை வரவேயில்லை என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. 1987 இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சி மொழி ஆன நாடு இது. நல்ல படத்துக்கு மொழி வேண்டாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவோரும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சிவப்புச் சலாகை பயத்தைத்தான் தரும். எங்கே, எப்போது, எது வரை, அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்வது அதன்மேல் எழுதியிருக்கும் சொல்.

மாவட்டம் என்னும் மூடி

நமது நாட்டின் எண்கள் பெரும்பாலும் மாவட்டங்களாக வருகின்றன. தொகைமதிப்பும் வேலையின்மையும் 25 மாவட்டங்களாக, தேர்தல் 22 தேர்தல் மாவட்டங்களாக, டெங்கும் மாவட்ட வாரியாகவே. தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் நிறம் பூசிய இலங்கைப் படத்தைப் பாருங்கள். பரப்பில் நாட்டின் மிகப் பெரிய மாவட்டமான அனுராதபுரம் கண்ணை நிறைக்கும். கொழும்பு கடற்கரையில் ஒரு நகத்தளவு. பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், 699 சதுர கிலோமீற்றர். ஆனால் 2012 தொகைமதிப்பின்படி அனுராதபுரத்தில் ஏறத்தாழ 8.6 லட்சம் பேர், கொழும்பில் 23 லட்சத்துக்கும் மேல். நிறம் பூசிய படத்தில் மண்தான் வாக்களிக்கிறது.

கொழும்புக்குள்ளேயும் இதே கதைதான். 2012 இல் கொழும்பு மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் பத்தில் ஒரு பங்கினர் என்று அட்டவணை சொல்லும். அந்தப் பத்தில் ஒன்றை மாவட்டம் முழுவதும் சமமாகப் பூசிவிட்டால், அவிசாவளையும் கொட்டாஞ்சேனையும் ஒரே நிறம். ஒரு படி கீழே பிரதேச செயலாளர் பிரிவுக்கு இறங்கினால் காட்சி தலைகீழாகும். கொட்டாஞ்சேனை அடங்கும் கொழும்புப் பிரிவில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எவருமே பாதியைத் தொடவில்லை. வெள்ளவத்தை வரும் திம்பிரிகஸ்யாயப் பிரிவு வேறொரு கலவை. இன்னும் ஒரு படி இறங்கி கிராம சேவகர் பிரிவுக்குப் போனால்தான் கொச்சிக்கடையும் ஜிந்துப்பிட்டியும் பாமன்கடையும் தனித்தனி முகத்தோடு தெரியத் தொடங்கும்.

டெங்குக்கும் இதே நியாயம். 2017 இல் நாடெங்கும் 1,86,101 பேருக்கு டெங்குத் தொற்று பதிவானது. மாவட்ட எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஒழுங்கையில் நீர்த்தாங்கியைச் சோதிப்பது என்று எவராலும் தீர்மானிக்க முடியாது. இலண்டனில் 1854 இல் ஜோன் ஸ்னோ வாந்திபேதி இறப்புகளை வீடு வீடாக ஆராய்ந்ததால்தான் பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பின் மேல் அவருக்கிருந்த சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்தது, பின்னர் அதைத் தெருப்படத்திலும் குறித்துக் காட்டினார். இலண்டன் மாநகரம் முழுமைக்குமான கூட்டுத்தொகை அந்தப் பம்பைக் காட்டியிருக்காது.

ஆக, படத்தை இன்னும் இன்னும் நெருக்கமாகக் கொண்டுவா, ஒவ்வொரு ஒழுங்கையையும் காட்டு என்று கேட்கத் தோன்றும். வேறு நாட்டில் இருந்தால் நானும் அத்தோடு நிறுத்தியிருப்பேன். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த இலக்கம், யார் பெயர் என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். அதுவும் தரவுதான், அரசு சேகரித்தது, துல்லியமானது, முகவரி மட்டத்திலானது. அதற்குப் பின் வந்த போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பாத தமிழ் வீடு கொழும்பில் இருந்திருக்காது. யார் வந்து தங்கியிருக்கிறார், எந்த ஊர், எதற்காக வந்தார். 2007 ஜூன் 7 அதிகாலை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனதால், மறுநாளே அந்த வெளியேற்றம் இடைநிறுத்தப்பட்டது. இந்த வரலாறு உள்ள ஊரில், கதவைத் தட்டிப் பெயரும் எண்ணிக்கையும் கேட்பவரைப் பார்த்து ஒரு தாய் தயங்கினால் அதை அறியாமை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நம்மைக் காட்டாத படம் நம்மை இல்லாமல் ஆக்கும். நம் வாசலையே காட்டும் படம் நம்மைக் காட்டிக்கொடுக்கும். கொழும்புத் தமிழருக்கான தரவுப்படத்தைச் செய்ய உட்காருகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் வேலை செய்யவேண்டும்.

கொரோனாக் காலத்தில் இதை நேரிலேயே பார்த்தோம். 2020 ஒக்டோபரில் இரண்டாவது அலை வந்தபோது கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், புளூமெண்டால் என வட கொழும்பின் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போயின. செய்தியில் வந்ததெல்லாம் பெயர்ப் பட்டியல். தன் வீடு எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் அடங்குகிறது என்று தெரியாத நாட்கூலியாள் வேலைக்குப் போவதா விடுவதா என்று தவித்தார். எல்லை காட்டும் தமிழ்ப் படம் ஒன்று அவருக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அதே வேளை, நெருக்கமாக மக்கள் வாழும் அந்த இடங்களை வெறும் தொற்று எண்ணிக்கையால் கடுஞ்சிவப்பாகப் பூசிய படம், அங்குள்ளவர்கள்மேல் பழி சுமத்தும் படமாகவும் மாறும். எத்தனை பேர் வாழும் இடத்தில் எத்தனை பேர், எத்தனை பரிசோதனையில் எத்தனை என்று வகுத்துக் காட்டாமல் சிவப்பைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வழி இல்லாமல் இல்லை. கிராம சேவகர் பிரிவு வரைக்கும் தொகுத்துக் காட்டலாம், அதற்குக் கீழே போக வேண்டாம். ஒரு பிரிவில் ஒரு வகையினர் மிகச் சிலராக இருந்தால் அந்த எண்ணை மறைத்துவிடலாம். உலகின் பல புள்ளிவிபர அலுவலகங்கள் இதை வழக்கமாகவே செய்கின்றன. கொழும்பில் இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் பெயரும் இலக்கமும் நீக்கிய கைத்தொலைபேசித் தரவைக் கொண்டு பகலில் கொழும்புக்குள் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று வரைந்து காட்டியது. தலைநகரின் பகல்நேரச் சனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதி வெளியிலிருந்து வருகிறது என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. பஸ்ஸும் ரயிலும் திட்டமிடுகிறவர்களுக்கு இது பொன்னான தகவல், எந்தத் தனி மனிதரையும் அது காட்டிக்கொடுக்கவில்லை.

தமிழ் எழுத்துக்கு இடம் விடுங்கள்

தொழில் சார்ந்து ஒரு சொல், ஏனென்றால் இதில் யாரும் அக்கறை காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் செய்து முடித்த படத்தில் கடைசி நேரத்தில் தமிழை ஒட்டினால் அது வாசிக்க முடியாமல்தான் வரும். 'திம்பிரிகஸ்யாய' என்ற சொல் படத்தில் அந்தப் பிரிவைவிட நீளம். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே பிரிந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் அச்சிட்டு ஒட்டிய அரச சுவரொட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலிலேயே தமிழில் திட்டமிட்டால் சொல் சுருங்கும், இடம் விரியும், கைபேசித் திரையிலும் வாசிக்கலாம். வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் அரச நிதிக் கணக்குகளைப் படங்களாக்கித் தரும் பப்ளிக்ஃபினான்ஸ் தளத்தையும், நாடாளுமன்ற உறுப்பினர்களின் செயற்பாட்டைப் பின்தொடரும் மந்திரி தளத்தையும் மும்மொழியிலும் நடத்துகிறது. செய்ய முடியும் என்பதற்கு அவை சாட்சி.

நிறத்திலும் கவனம் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அத்துடன் இந்த நாட்டில் ஒவ்வொரு நிறமும் ஏற்கெனவே ஒரு கட்சிக்குச் சொந்தம்.

வரைபவர் யார்?

1900 இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் ஏறத்தாழ அறுபது வரைபுகளைக் கொண்டுபோனார். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. ஜோர்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்களின் நிலவுடைமை, எழுத்தறிவு, தொழில், இடப்பெயர்வு எல்லாம் அடர்ந்த நிறங்களில், சுருளாகவும் வளைந்தும் ஓடும் சலாகைகளில், கையால் வரையப்பட்டிருந்தன. வரைவதில் அவருக்குத் துணை நின்றவர்கள் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்கள். அதுவரை அந்த மக்களைப் பற்றிய எண்கள் எல்லாம் மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கான விடைகளாகவே இருந்தன. அந்த மாணவர்கள் தங்கள் கேள்விகளைத் தாங்களே கேட்டு, விடைகளைத் தங்கள் கையாலேயே வரைந்தார்கள்.

கொழும்பில் அதற்கு என்ன தடை? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறி 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் குடிமகனும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும், கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். 2024 டிசம்பரை மையமாக வைத்து எடுத்த புதிய தொகைமதிப்பு நாட்டின் சனத்தொகையை 2 கோடி 17 லட்சம் என்று சொல்கிறது. சலாகை வரைபும் வட்ட வரைபும் நம் பாடசாலைக் கணிதத்திலேயே இருக்கின்றன. கொட்டாஞ்சேனை விவேகானந்தாக் கல்லூரியிலும் புனித பெனடிக்ற் கல்லூரியிலும் வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் வரும் கற்பனைக் கடையின் கற்பனை விற்பனையை ஏன் வரையக் கொடுக்கவேண்டும்?

அவர்களுக்கு ஒரு வருடத்து நாகலகம் வீதி நீர்மட்டத்தைக் கொடுங்கள். எல்லைக்கோடுகள் மூன்றையும் போட்டு, தமிழில் பெயரிட்டு, ஒரு பெரிய தாளில் வரையட்டும். இன்னொரு வகுப்பு வெள்ளவத்தைச் சந்தையில் மாதம் ஒரு முறை பத்துப் பொருட்களின் விலையைக் குறித்து, விலையின் கோட்டையும் வேகத்தின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையட்டும். மூன்றாவது வகுப்பு கேட்கட்டும்: எங்கள் கிராம சேவகர் பிரிவில் எத்தனை முதியவர்கள் தனியாக வாழ்கிறார்கள், தொடர்மாடி மின்தூக்கி நின்றுபோனால் அவர்களில் எத்தனை பேர் மேலேயே சிக்கிக்கொள்வார்கள்? வெள்ளவத்தையில் பிள்ளைகள் எல்லோரும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட்ட வீடுகள் கட்டடத்துக்குக் கட்டடம் இருக்கின்றன. எண்ணிக்கை மட்டும் போதும், வீட்டு இலக்கம் வேண்டாம். அதைக் கேட்டு மாநகர சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதும் முதற்கடிதம் தமிழில் போகட்டும்.